கட்டி என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

கொழும்பில் கர்ப்பிணி கிளினிக்குகளில் வேலை செய்யும் டொக்டர்மாருக்கும், ஸ்கேன் பார்ப்பவர்களுக்கும், தாதியருக்கும், மருத்துவமாதருக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

என் மகளுக்கு இப்போது 14 மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவள் தூங்கும் நேரம் பார்த்து, நாலைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இந்த மடலை எழுதினேன். அவள் என் வயிற்றில் இருந்த காலம் முழுக்க பக்கத்திலேயே ஒரு பைப்ரொயிட்டும், அதாவது கர்ப்பப்பைத் தசையில் வளரும் புற்றுநோயல்லாத ஒரு கட்டியும், இருந்தது. அதோடு நான் எப்படி இருந்தேன் என்பதையும், நேரத்துக்கு யாராவது விளக்கியிருந்தால் எப்படி இருந்திருப்பேன் என்பதையும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

எந்த வைத்தியசாலை, எந்த டொக்டர் என்று எழுதப்போவதில்லை. ஒருவரைக் குறை சொல்லி எனக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. என் மகளைச் சுகமாக என் கையில் தந்ததும் உங்களில் சிலர்தான். அதை மறந்துவிட்டு எழுதவில்லை.

எனக்கு அப்போது 36 வயது. கொட்டாஞ்சேனையில் வீடு, புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம் காத்திருந்து வந்த கர்ப்பம். 11ஆம் கிழமை ஸ்கேனுக்குப் போனேன். ஸ்கேன் பார்த்த டொக்டர் திரையைப் பார்த்தபடியே பக்கத்திலிருந்த தாதி மிஸ்ஸிடம் ஆங்கிலத்தில் சில இலக்கங்களைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, சிங்களத்தில், “பபா ஹொந்தய். கெடியக் தியெனவா” என்றார். குழந்தை நல்லா இருக்கு, ஒரு கெடி இருக்கு. அவ்வளவுதான். வயிற்றைத் துடைக்க டிஷ்யூ தந்தார்கள், அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

என் சிங்களம் கடைச் சிங்களம். விலை, தொகை, கடன், நாளைக்கு வாங்க என்பதெல்லாம் தடையில்லாமல் வரும். கெடி என்றால் எனக்குத் தெரிந்தது பொல் கெடி, அதாவது தேங்காய். வெளியே வந்து வரிசையில் இருந்த ஓர் அக்காவிடம் கேட்டேன். அவர் என் ரிப்போர்ட்டைப் பார்க்கவுமில்லை. “கட்டி, தங்கச்சி” என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடிதான் எனக்கு அதிகமாகப் பயம் காட்டியது.

கட்டி என்றால் எங்கள் வீடுகளில் அதற்கு ஒரே பொருள்தான், மகரகம. அங்கே புற்றுநோய் வைத்தியசாலை இருப்பதால் ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. “அவரை மகரகமவுக்கு எழுதிட்டாங்களாம்” என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். இரவில் வயிற்றில் கைவைத்தபடி விழித்துக் கிடந்தேன். ஒரு பானைச் சோற்றை இரண்டு பேர் பங்கு போடுகிறார்கள், பலமானது கட்டி, மெலிந்தது பிள்ளை, ஆகையால் பிள்ளைக்கு மிஞ்சாது என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பசியில்லாமலும் இரண்டு பேருக்குச் சாப்பிட்டு, அதையெல்லாம் வாந்தி எடுத்தேன். மாமி செவ்வாய்க்கிழமைதோறும் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். அவர் சைவம். கேட்டால், “பிள்ளை விஷயத்தில சாமி பார்க்கக்கூடாது” என்பார்.

மாமியின் தங்கை ஒருவர், “இது சரிவராது, இப்பவே கலைச்சிடு, கட்டியை எடுத்துட்டுப் பிறகு பார்க்கலாம்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் உயிருக்குப் பயந்து சொன்னார். ஆறு வருடம் காத்திருந்தவள் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றேன். பதில் சொல்ல என்னிடம் ஒரு வசனமும் இல்லை. ஏனென்றால் எனக்கே ஒன்றும் தெரியாது.

அதிலிருந்து மூன்றாம் கிழமை என் கணவர் பொறுக்கமாட்டாமல் ஒரு பெரிய டொக்டரைக் காசு கட்டித் தனியாகப் பார்க்கச் சனல் பண்ணினார். இரவு எட்டரை தாண்டித்தான் எங்கள் நம்பர் வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “பைப்ரொயிட். கொமன். டோன்ட் வொறி” என்றார். உள்ளே இருந்தது நாலு நிமிடம்கூட இல்லை. பயப்பட வேண்டாம் என்பது நல்ல வார்த்தைதான். ஆனால் எதற்குப் பயப்படத் தேவையில்லை, எது வந்தால் பயந்து ஓடிவர வேண்டும் என்று தெரியாதவளுக்கு அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

அந்த முதல் ஸ்கேன் அறையில் எனக்குச் சொல்லியிருக்கக்கூடியதை இப்போது நான் எழுதுகிறேன். உங்களுக்கு இதெல்லாம் பாடம். ஆனாலும் எங்கள் காதுக்கு எப்படிக் கேட்டால் விளங்கும் என்று காட்டுவதற்காக எழுதுகிறேன்.

“அம்மா, இது கர்ப்பப்பையின் தசையிலேயே வளர்கிற ஒரு கட்டி. இது புற்றுநோய் இல்லை. பைப்ரொயிட் என்று நினைத்தது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. 50 வயதாவதற்குள் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது வருகிறது, நிறையப் பேருக்கு இருப்பதே தெரியாது. குழந்தையின் சாப்பாட்டை இது பிடுங்காது, குழந்தைக்கு வேண்டியது நச்சுக்கொடி வழியாகத் தனியாகப் போகிறது. அநேகமானவர்களுக்குக் கர்ப்ப காலத்தில் இது பெரிதாக மாறாது. சிலருக்கு வளரும், வளர்வதும் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான். உங்களுடையது 6 சென்ரிமீற்றர், முன்பக்கச் சுவரில், கொஞ்சம் கீழே, வலது பக்கம்.”

இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் கடிகாரத்தை வைத்து வாசித்துப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு மூன்று கிழமைத் தூக்கத்தைத் தந்திருக்கும்.

கடைசி வசனம்தான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. எங்கள் ஆட்கள் எப்போதும் “எவ்வளவு பெரிசு?” என்றுதான் கேட்பார்கள். எலுமிச்சங்காய் அளவா, மாங்காய் அளவா என்று. எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கர்ப்பப்பைக்கு வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும் பெரிய பைப்ரொயிட் ஒன்றும் செய்யாமலே இருந்துவிடலாம். உள்ளறைப் பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் சின்னது கருச்சிதைவுக்குக் காரணமாகலாம். நச்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்துக்குப் பின்னால் இருந்தால் நச்சுக்கொடி முன்கூட்டியே விலகுவதற்கு வாய்ப்புக் கொஞ்சம் கூட. கர்ப்பப்பையின் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் குழந்தை வரும் வழியை அடைக்கலாம். தசைக்குள் இருந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால் குழந்தை தலைகீழாகத் திரும்ப இடம் போதாமல் காலோ பிட்டமோ கீழாக நின்றுவிடலாம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு கதை. அந்த இடம் என் ரிப்போர்ட்டில் இருந்தது. “என்டீரியர் வோல், இன்ட்ராமியூரல்” (முன்பக்கச் சுவர், தசைக்குள்) என்று, என்னால் எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடிய ஆங்கிலத்தில். வாசித்தேன், பல தடவை வாசித்தேன். அது என் உடம்பில் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியவில்லை.

பைப்ரொயிட்டோடு நாளாந்தம் இருப்பது எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை. என்னுடையது முன்பக்கம் கீழே இருந்ததால் சலப்பையை அழுத்திக்கொண்டே இருந்தது. கடையில் கழிப்பறை மூன்றாம் மாடியில். ஒரு காலையில் ஆறு தடவை படியேறினேன். வலது பக்கம் சரிந்து படுக்க முடியாது, இழுத்துப் பிடிக்கும். வயிறு மாதத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இரட்டையா என்று கேட்டார்கள், நான் சிரித்துச் சமாளித்தேன்.

அந்தப் பெரிய வயிறு கிளினிக்கிலும் குழப்பம் செய்தது. 24ஆம் கிழமை அளவுநாடாவால் வயிற்றை அளந்தபோது, கிட்டத்தட்ட 24 சென்ரிமீற்றர் வர வேண்டிய இடத்தில் 28 வந்தது. புதிதாக வந்திருந்த மிஸ், சீனி வருத்தமாக இருக்கலாம் என்று இரண்டாம் தடவை இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அவர் மேல் பிழை இல்லை, அவர் கவனமாகத்தான் இருந்தார். பைப்ரொயிட் இருப்பது என் கர்ப்பிணிப் பதிவேட்டில் நடுப்பக்கம் ஒன்றில், மடிப்புக்குள், பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்தால் அவர் நாடாவை நம்பாமல் நேரே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பார். பைப்ரொயிட் உள்ளவளுக்கு நாடா பொய் சொல்லும், குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில்தான் பார்க்க வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் பதிவேடு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது, எழுதாதது எதுவும் அடுத்த கைக்குப் போய்ச் சேர்வதில்லை.

இனி அந்த வலியைப்பற்றி.

19ஆம் கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம். தொப்புளுக்குக் கீழே வலது பக்கத்தில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி தொடங்கியது. முதலில் குத்தல், பிறகு நெருப்பு வைத்தமாதிரி. தொட முடியாது, நிமிர முடியாது. உடம்பு லேசாகச் சுட்டது. இரண்டு தடவை வாந்தி. இவர் ஓட்டோ பிடித்து வந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து போன பாதை முழுக்க ஒவ்வொரு குழியையும் நான் எண்ணினேன்.

குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். அதே பக்கம், அதே இடம், சந்தேகம் நியாயமானதுதான். சேர்ஜரி ஆட்கள் வந்து அழுத்திப் பார்த்தார்கள். திரும்ப ஸ்கேன். பைப்ரொயிட் 8 சென்ரிமீற்றராகியிருந்தது. கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்று ஆங்கிலத்தில் கதைத்தார்கள். எனக்குக் காதில் விழுந்தது ஒரு சொல், “டிஜெனரேஷன்”. நான் கணக்கு எழுதுகிறவள். டிப்ரிசியேஷன் என்றால் தேய்மானம் என்று எனக்குத் தெரியும். டிஜெனரேஷன் என்றால் அதைவிட மோசமான ஏதோ ஒன்று, உள்ளே அழிந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். எது அழிகிறது என்று யாரும் சொல்லவில்லை. என் பிள்ளை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு இரவும் ஒரு பகலும் அப்படியே கிடந்தேன். மருந்து தந்தார்கள், சேலைன் ஏற்றினார்கள், காய்ச்சல் பார்த்தார்கள், குழந்தையின் இதயத்துடிப்பையும் பார்த்தார்கள். ஒரு தாய்க்குச் செய்ய வேண்டிய எல்லாம் சரியாக நடந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். விளக்கம் மட்டும் நடக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் மாளிகாவத்தையிலிருந்து வந்த ஒரு தங்கச்சி. அவருக்கும் பைப்ரொயிட். இரும்புச்சத்து மாத்திரை குடித்தால் கட்டிக்கு இரத்தம் கூடி வளரும் என்று யாரோ சொன்னதை நம்பி, கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஒரு மாதமாகக் குடிக்காமல் விட்டிருந்தார். பைப்ரொயிட் உள்ளவர்களுக்குப் பிரசவத்தில் இரத்தம் அதிகமாகப் போகக்கூடும், அதனால்தான் இரும்புச்சத்து எங்களுக்கு இன்னும் அவசியம் என்று அவருக்கும் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. நானும் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு தேத்தண்ணியோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது என்பதை அந்த வார்டில்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஓர் இளம் டொக்டர் வந்தார். சிங்களவர். தமிழில் பத்துப் பதினைந்து சொல் தெரியும். என் முகத்தைப் பார்த்தார், “ஏன் அழுறது?” என்றார். நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. டிஜெனரேஷன் என்ற சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னேன். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு கட்டிலின் ஓரத்தில் குனிந்து, பையிலிருந்த ஒரு துண்டுத்தாளின் பின்பக்கத்தில் படம் கீறினார். அகலம் மேலே, ஒடுக்கம் கீழே, ஆனைக்கொய்யாவைத் தலைகீழாகப் பிடித்தமாதிரி. “இது அம்மாட பேக்.” உள்ளே ஒரு சின்ன உருவம். “இது பபா.” சுவரில், கீழே, வலது பக்கம் ஒரு வட்டம். “இது கெடி.” வட்டத்தின் நடுவில் கோடு கோடாகத் தீற்றினார். “கெடிக்கு ரத்தம் போதாது. நடுவுல செத்துப் போச்சு. அதுதான் வலி.” பிறகு பேனாவால் குழந்தையைத் தொட்டுக் காட்டினார். “பபாவுக்கு ஒண்ணும் இல்ல. நாலஞ்சு நாள், வலி போகும்.”

அவ்வளவுதான். தமிழ் இலக்கணம் ஒன்றும் சரியில்லை. எனக்கு அதைவிடத் தெளிவாக எவரும் எதையும் விளக்கியதில்லை.

வளர்கிற பைப்ரொயிட்டுக்கு அதற்குப் போகும் இரத்தம் பற்றாமல் போகும்போது, உள்ளே ஒரு பகுதி செத்து வலிக்கிறது. ரெட் டிஜெனரேஷன் என்பது இதுதான். கர்ப்பத்தின் நடு மாதங்களில்தான் அதிகம் வரும். ஓய்வு, தண்ணீர், வலிக்கு மருந்து, அநேகமாக இவ்வளவிலேயே அடங்கிவிடும். எனக்கு ஐந்தாம் நாள் அடங்கியது. இதை 11ஆம் கிழமையிலேயே ஒரு வரியாகச் சொல்லி வைத்திருந்தால், அந்த ஞாயிறு காலை வலி வந்திருக்கும், பயம் பாதியாக இருந்திருக்கும். வாசலில் வைத்தே “எனக்குப் பைப்ரொயிட் இருக்கிறது, வலது பக்கம் கீழே” என்று நானே சொல்லியிருப்பேன். நேரமும் மிஞ்சியிருக்கும், சேர்ஜரி ஆட்களையும் எழுப்பியிருக்கத் தேவையில்லை.

வலி என்று வரும்போது இன்னும் இரண்டு விஷயத்தை நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று, பாமசி. எங்கள் பக்கத்தில் வலி என்று போனால் டைக்ளோபெனாக்கோ ஐபுபுரோபனோ கேட்டவுடன் கிடைக்கும். 20 கிழமைக்குப் பிறகு அந்த வகை மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு முக்கிய நாளத்தை முன்கூட்டியே சுருக்கிவிடலாம். டொக்டர் பார்த்துத் தந்தால் அது வேறு. தானாக வாங்கிக் குடிக்கக்கூடாது, பரசிற்றமோல் குடித்தும் அடங்காவிட்டால் வைத்தியசாலைக்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள். மற்றது, எண்ணெய். கட்டி கரைய வயிற்றை எண்ணெய் போட்டு உருவி விடும்படி எனக்கு மூன்று பேர் சொன்னார்கள், ஒருவர் எண்ணெய்ப் போத்தலையே வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். நான் உருவவில்லை. விஷயம் தெரிந்து அல்ல, தொட்டாலே வலித்தது, அதுதான் காரணம். பைப்ரொயிட் எந்த எண்ணெய்க்கும் கரையாது என்றும், கர்ப்பிணி வயிற்றை அழுத்தி உருவுவது ஆபத்து என்றும் ஒரு வெள்ளைக் கோட்டு வாயிலிருந்து வந்தால்தான் எங்கள் மாமிமார் நம்புவார்கள்.

அந்தத் துண்டுத்தாளை மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளினிக்குக்கும் அதை எடுத்துப்போனேன். வீட்டில் மாமிக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “அப்ப பிள்ளைக்குத் தனி இடம் இருக்குதானே” என்றார். மாமியின் தங்கைக்கும் அவரே காட்டி விளக்கினார். கலைக்கச் சொன்ன பேச்சு அன்றோடு நின்றது.

34ஆம் கிழமை ஸ்கேனில் ஒரு நல்ல செய்தி. கடைசி மாதங்களில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி இழுபட்டு நீள்வதால், கீழே இருந்த பைப்ரொயிட் மேலே ஏறியிருந்தது, வழி திறந்திருந்தது. ஆனால் குழந்தை தலை மேலே, பிட்டம் கீழே. திரும்பவில்லை. 38ஆம் கிழமை முடிவில் சீசர் என்று தீர்மானித்தார்கள். இந்தத் தடவை ஒரு மூத்த டொக்டர் உட்கார்ந்து, தமிழ் தெரிந்த ஒரு மிஸ்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னிடமும் இவரிடமும் முழுவதும் விளக்கினார். குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பைத் தசை கைபோல இறுக்கிப் பிடித்துத்தான் இரத்தத்தை நிறுத்துகிறது, தசைக்குள் பைப்ரொயிட் இருந்தால் அந்தப் பிடி சரியாக விழாமல் போகலாம், அதனால் இரத்தம் முன்கூட்டியே பொருத்தம் பார்த்து வைத்திருக்கிறோம் என்றார். அப்படியே நடந்தது. அதிகமாகத்தான் போனது. இரண்டு பைந்து இரத்தம் ஏற்றினார்கள். முகம் தெரியாத யாரோ இரண்டு பேர் தானமாகக் கொடுத்த இரத்தம். எனக்கு மயக்கமாக இருந்தது, ஆனால் பயமாக இல்லை. என்ன நடக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும்.

சீசரோடு கட்டியையும் ஏன் எடுக்கவில்லை என்று இன்றுவரை உறவுக்காரர் கேட்கிறார்கள். இதற்கும் அந்த டொக்டர் முன்பே பதில் தந்திருந்தார். பிரசவ காலத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் இரத்தம் ஓடுகிறது, அந்த நேரத்தில் தசையை வெட்டிக் கட்டியை எடுக்கப்போனால் நிறுத்த முடியாத இரத்தப்போக்கு வரலாம், தவிர்க்க முடியாத சிலருக்குத்தான் அப்படிச் செய்வோம், பிரசவத்துக்குப் பிறகு அநேகமாக அதுவே சுருங்கும் என்றார். ஆறு மாதத்தில் பார்த்தேன், 8 சென்ரிமீற்றர் 4 ஆகியிருந்தது. அந்த ஸ்கேனுக்கு நானாகத்தான் கேட்டுப் போனேன். பிரசவத்துக்குப் பிறகு பைப்ரொயிட்டை எப்போது பார்க்க வேண்டும், அடுத்த பிள்ளைக்கு முன் என்ன யோசிக்க வேண்டும் என்பதை வீட்டுக்கு அனுப்பும் தாளில் ஒரு வரியாக எழுதலாம். அதையும் உங்கள் காதில் போட்டு வைக்கிறேன்.

சரி, நான் கேட்பது என்ன?

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். அந்த உரிமையைப் பேச வேறு இடம் இருக்கிறது, பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு கிளினிக் காலையில் நீங்கள் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்பதை நான் வரிசையில் இருந்து எண்ணியிருக்கிறேன். சில நாள் மிஸ்மார் காலைச் சாப்பாட்டுப் பார்சலைப் பின்னேரம் பிரிப்பதையும் பார்த்திருக்கிறேன். இரவோடிரவாக எல்லோரும் தமிழ் படித்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பத்துச் சொல் தெரிந்த ஒரு டொக்டரால் முடிந்தது.

நான் கேட்பது அந்தப் படத்தை. கர்ப்பப்பையின் வெளிக்கோட்டை மட்டும் ஒரு சின்னத் தாளில் அச்சடித்து ஸ்கேன் மேசையில் கட்டாக வைத்துக்கொள்ளுங்கள். பைப்ரொயிட் தெரிந்தால், எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு வட்டம் போடுங்கள், பக்கத்தில் அளவை எழுதுங்கள், பதிவேட்டின் முன்பக்கத்தில் ஒட்டுங்கள். தாளின் பின்பக்கத்தில், மேலே நான் எழுதியமாதிரி சில வசனங்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். புற்றுநோய் இல்லை, குழந்தையின் சாப்பாட்டைப் பிடுங்காது, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று. அதற்குக் கீழே, எப்போது ஓடிவர வேண்டும் என்று. இரத்தம் பட்டால், தண்ணீர் போனால், வலி அடங்காவிட்டால், காய்ச்சல் வந்தால், நாள் வருவதற்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகினால், குழந்தையின் அசைவு குறைந்தால். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சொல்கிற அடையாளங்கள்தான், ஆனால் “கட்டி இருப்பதால்தான் வலிக்கிறது” என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டில் கிடந்துவிடுவோம். அந்தத் தவறுக்கு நாங்கள் மற்றவர்களைவிடக் கிட்ட நிற்கிறோம்.

மருத்துவமாதரிடம் தனியாக ஒன்று. வீட்டுப் படியேறி வருகிறவர்கள் நீங்கள். மாமிமார் முன்னால் அந்தத் தாளை விரித்து வைத்து விளக்கக்கூடியவர்களும் நீங்கள்தான். எண்ணெய்ப் போத்தலையும் கலைக்கச் சொல்லும் பேச்சையும் வைத்தியசாலையில் இருந்துகொண்டு யாராலும் நிறுத்த முடியாது.

வரும் வியாழக்கிழமை என் மச்சாளுக்குக் கிளினிக். 13 கிழமை. முதல் ஸ்கேனில் இரண்டு பைப்ரொயிட் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவளிடம் ஒரு வெள்ளைத்தாளில் தலைகீழ் ஆனைக்கொய்யா ஒன்றைக் கீறிக் கொடுத்திருக்கிறேன். பதிவேட்டுக்குள் வைத்திருப்பாள். கூச்ச சுபாவம், தானாக நீட்டமாட்டாள். தயவுசெய்து கேட்டு வாங்கி, எங்கே என்று இரண்டு வட்டம் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்